பின்னால் வருபவருக்கு ஒரு விளக்கு

சென்ற ஐப்பசியில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மாலை, ஜி.எஸ்.டி. சாலையில் இரும்புலியூரைக் கடந்து பெருங்களத்தூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் சென்ற மாநகரப் பேருந்து நின்றது; நானும் நின்றேன். அடுத்த கணம் பின்னால் ரப்பர் தேயும் சத்தமும், தகரம் தரையில் உரசும் சத்தமும் சேர்ந்து கேட்டன. இறங்கிப் போய்ப் பார்த்தபோது இருபது வயதுப் பையன் ஒருவன் ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தான். என் காரில் மோதவில்லை. மோதாமலிருக்க வண்டியைத் திருப்பி, ஈரத்தில் சறுக்கி விழுந்திருக்கிறான். முழங்கையில் தோல் வழன்றிருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவனே சொன்னான்: "சார், உங்க பிரேக் லைட்டு எரியவே இல்ல. நீங்க ஓடிட்டிருக்கீங்கன்னே நெனச்சேன்."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஒரு தகவலைத் தெரிவிப்பவனைப்போலச் சொன்னான். ஒட்டுத்துணி வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் போய்விட்டான். எஞ்சிய நான்கு கிலோமீட்டரும் நான் காரை ஓட்டினேன் என்று சொல்வதற்கில்லை, நகர்த்தினேன். ஒவ்வொரு முறை வேகம் குறையும்போதும் கண்ணாடியில் பின்னால் வருபவரைப் பார்த்து, மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டபடி.

அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி ஒன்றுதான்: எத்தனை நாட்களாக அது எரியவில்லை? எனக்குத் தெரியாது. தெரிய வழியுமில்லை. முகப்பு விளக்கு அணைந்தால் சாலை இருண்டுவிடும். திரும்பும் விளக்கில் பல்பு போனால் அதன் டிக் டிக் ஓசை அவசரமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். பிரேக் விளக்கை ஓட்டுகிறவன் பார்ப்பதே இல்லை. அது முழுக்க முழுக்கப் பிறருக்கானது. என் காரில் நான் காசு கொடுத்து வாங்கி, எனக்கென்று எந்தப் பயனும் இல்லாமல், பெயர் தெரியாத ஒருவருக்காகச் சுமந்துசெல்லும் பொருள். ஒருவேளை அதனால்தான் அதைப்பற்றி இவ்வளவு அசட்டையாக இருந்தேன் போலும்.

மறுநாள் காலை சர்வீஸ் நிலையத்துக்குத் தொலைபேசினேன். எந்த நிறுவனம், எந்தக் கிளை என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. நான்கு நாள் கழித்துத்தான் நேரம் தர முடியும் என்றார்கள். கணினியைப் பொருத்திச் சோதிக்க ஒரு கட்டணம். வயரிங்கில் கோளாறு என்றால் அதற்குத் தனியாக ஒரு கட்டணம். "அதுவரை வண்டியை ஓட்டலாமா?" என்று கேட்டேன். "ஓட்டலாம் சார், பிரேக் பிடிக்குதுல்ல" என்றது அந்தக் குரல். இந்த ஒற்றை வாக்கியத்துக்குப் பதில் எழுதவே இதைத் தொடங்கினேன் என்று சொல்லலாம்.

எங்கள் தெருவின் கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் இளவயதில் வேலை பார்த்தவர். இன்றைய வாசகர்களில் பலருக்கு அந்தப் பெயர் நினைவிருக்காது. வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் இடையே, இன்று கண்ணாடி முகப்புகளோடு மென்பொருள் கட்டடங்கள் நிற்கும் அந்த வட்டாரத்தில்தான் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்கள் ஒருகாலத்தில் உருவாயின. அறுபதுகளில் ஹெரால்டு, எழுபதுகளில் கெஸல் என்று வந்து, 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரில் கைவைத்து, மூன்றே ஆண்டுகளில் கதவை மூடிய நிறுவனம். பிரிட்டிஷ் உடலுக்குள் பழைய எஞ்சினை வைத்தார்கள் என்பது அந்தக் காரைப்பற்றி அன்று எல்லோரும் சொன்ன குறை. அது தனிக்கதை. பெரியவர் ஹெரால்டைப்பற்றிப் பேசத் தொடங்கினால் முகமே மாறிவிடும். ஹெரால்டின் முன்மூடி, பக்கவாட்டுத் தகடுகளோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். "ரிப்பேர் பண்றவனை மனசுல வச்சு டிசைன் பண்ணான் தம்பி" என்பார்.

அவரிடம் போய் நின்றேன். காரைப் பார்க்க எழுந்து வரவில்லை அவர். திண்ணையில் இருந்தபடியே மூன்று கேள்விகள் கேட்டார். இரண்டு பக்கமும் எரியவில்லையா? இரண்டும்தான். மேலே கண்ணாடியருகே இருக்கும் மூன்றாவது? அதுவும். ஹாரன் அடிக்கிறதா? அடிக்கிறது.

"மூணு பல்பும் ஒரே நாள்ல சாகாது. உங்க வண்டியில ஹாரனுக்கும் அதுக்கும் ஒரே ஃப்யூஸான்னு மூடியில பாருங்க. ஒண்ணேன்னா ஃப்யூஸ் நல்லாருக்கு. அப்புறம் என்ன மிச்சம்? சுவிட்ச். நீங்களே கழட்டுங்க."

"அண்ணே, பிரேக்ல போய் நான் கைவைக்கிறதா?"

"பிரேக்ல யாரு கைவைக்கச் சொன்னா? ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு பொத்தான் இருக்கே, கதவத் தொறந்தா வெளிய வந்து விளக்கு எரியுதே, அதுதான் இது."

மின்பொறியியல் படித்தவர்கள் சிரிக்கலாம். எனக்கோ ஐம்பத்து மூன்று வயதில், அந்த உவமையைக் கேட்ட பிறகே இந்தக் கருவி விளங்கியது. பிரேக் பெடல் ஒரு நீண்ட கை. அதன் மேற்பகுதியை ஒட்டி, டாஷ்போர்டின் அடியில், கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் உருளை பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் நுனியில் உள்ளேபோய் வெளியேவரும் ஒரு சிறு தண்டு. நாம் மிதிக்காமல் இருக்கும்போது பெடலின் கை அந்தத் தண்டை உள்ளே அழுத்தி வைத்திருக்கும், மின்சாரம் போகாது. மிதித்ததும் கை விலகும், தண்டு சுருள்வில்லின் விசையால் வெளியே வரும், உள்ளே இரண்டு உலோக முனைகள் தொட்டுக்கொள்ளும், விளக்கு எரியும். நாம் எதையும் அழுத்தி விளக்கை ஏற்றுவதில்லை. அழுத்தத்திலிருந்து ஒன்றை விடுவிக்கிறோம்.

வீட்டுக்கு வந்து ஃப்யூஸ் பெட்டியின் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். பெரியவர் சொன்னபடியே ஹாரனுக்கும் பிரேக் விளக்குக்கும் ஒரே ஃப்யூஸ். இதை எல்லாக் கார்களுக்கும் பொருத்திக்கொள்ள வேண்டாம்; அவரவர் வண்டியின் கையேடு சொல்வதே அவரவர்க்கு வேதம். அந்தக் கையேடு என் காரில் பதினான்கு ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் உறையே கிழியாமல் இருந்தது என்பதையும் வெட்கத்தோடு பதிவுசெய்கிறேன். ஆயிரம் பக்க ருஷ்ய நாவல்களை இரண்டு முறை படித்தவன், தினமும் தன் உயிரையும் பிறர் உயிரையும் ஒப்படைக்கும் ஓர் இயந்திரத்தைப்பற்றிய நூறு பக்கங்களைப் புரட்டியதில்லை.

இருட்டியபின் காரின் பின்புறம் மதில் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தினேன். கைப்பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல்லும் வைத்தாயிற்று. என் மனைவி பின்னால் நின்றாள். டாஷ்போர்டின் அடியில் தலையை நுழைத்து, அந்தச் சுவிட்சில் செருகியிருந்த இணைப்பைக் கழற்றினேன். இரண்டே கம்பிகள். இணைப்பின் இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தேன். "எரியுது!" என்று குரல் வந்தது. தலையைத் தூக்கிய வேகத்தில் ஸ்டியரிங் தண்டில் இடித்துக்கொண்டேன். சுவரெல்லாம் சிவப்பு. பல்புகள் நலம், வயரிங் நலம், ஃப்யூஸ் நலம். கணினியைப் பொருத்தாமல், ஒரு சாண் வயரில் கிடைத்த தீர்ப்பு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் கார் பழையது. சுவிட்சில் இரண்டு கம்பிகள் மட்டுமே. அண்மைக்காலக் கார்கள் பலவற்றில் நான்கு கம்பிகள் இருக்கும். விளக்குக்கு ஒரு இணை, காரின் கணினிக்கு ஒரு இணை. ஓட்டுநர் பிரேக்கை மிதித்திருக்கிறாரா இல்லையா என்பதைக் கணினி இந்தச் சிறு பொத்தானிடம்தான் கேட்டறிகிறது. பொத்தானை அழுத்தி எஞ்சினைக் கிளப்பும் வண்டிகளில் இது பழுதானால் எஞ்சினே கிளம்பாமல் போகலாம்; தானியங்கிக் கியர் வண்டியில் கியர் 'பி' என்ற இடத்தைவிட்டு நகராமல் அடம்பிடிக்கலாம். 2013 ஏப்ரலில் அமெரிக்காவில் ஹூண்டாயும் கியாவும் சேர்ந்து 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது இந்தச் சுவிட்சுக்காகத்தான். ஆகவே நான்கு கம்பிக்காரர்கள் என்னைப்போல வயரைச் செருகிப் பார்ப்பதற்கு முன் எந்த இணை எதற்கென்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் போவதே முறை.

மறுநாள் ஞாயிறு. பத்தாம் எண் ஸ்பேனரால் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, சுவிட்சின் பூட்டுநட்டைத் தளர்த்தி, அதை வெளியே எடுத்தேன். சொல்வது ஒரு வரி. செய்தது ஒரு மணி நேரம். மல்லாந்து படுத்து, ஒரு கால் கதவுக்கு வெளியே, கைவிளக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு, மிதியடியின் பதினான்கு ஆண்டுத் தூசியை முகர்ந்தபடி. காரின் அந்தக் கோணத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒரு வீட்டில் பல ஆண்டுகள் குடியிருந்தவன் ஒருநாள் பரணில் ஏறிப் பார்ப்பதுபோல.

சுவிட்சைப் பிரித்தபோது காரணம் தெரிந்தது. உள்ளே இரண்டு செப்பு முனைகளும் கரிப்பிடித்து, நடுவில் குழிந்திருந்தன. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பக்கத்துக்கு 21 வாட் பல்பு. மேல் விளக்கையும் சேர்த்தால் ஏறத்தாழ ஐம்பது வாட். 12 வோல்ட்டில் நான்கு ஆம்பியருக்கு மேல். அதுவும் குளிர்ந்த இழையில் முதற்கணம் பாயும் மின்சாரம் அதைப்போலப் பல மடங்கு. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அந்தக் குண்டூசித்தலை அளவு இடத்தில் ஒரு மின்பொறி. தாம்பரத்திலிருந்து கிண்டிவரை காலை ஒன்பது மணிக்கு ஓட்டியவர்களுக்குத் தெரியும், அந்தச் சாலையில் வலதுகால் படும் பாடு. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். பல்லாவரத்தைத் தாண்டும் முன்பே நூறைக் கடந்துவிட்டது. அப்படியானால் பதினான்கு ஆண்டுகளில் எத்தனை லட்சம்? இது பழுதானது வியப்பல்ல, இவ்வளவு நாள் உழைத்ததே வியப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர்ப் பக்கம் தேங்கிய தண்ணீரில் கணுக்கால் உயரத்துக்குக் காருக்குள்ளும் நீர் புகுந்தது. ஈரம் உள்ளேயே வெகுநாள் தங்கியதும் ஒரு காரணமாகலாம் என்று பெரியவர் பிறகு சொன்னார்.

உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. எனக்குப் பெருமிதம் தாங்கவில்லை. பெரியவரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "மேல்பூச்சு போயிடுச்சு. இன்னும் ரெண்டு மாசம் எரியும். அப்புறம் நீங்க பாக்காத ஒருநாள் நிக்கும்" என்றார். பழுதுபார்த்தல் என்பதைப்பற்றி நமக்கு ஒரு கவித்துவ மயக்கம் உண்டு. எதையும் தூக்கி எறியக்கூடாது, தேய்த்து, ஒட்டி, கட்டி, ஓட்ட வேண்டும் என்று. மின்விசிறிக்கு அது சரி. பிறர் உயிரைக் காக்கும் பொருளுக்கு அந்தச் சிக்கனம் ஆகாது. தாம்பரத்தில் ஓர் உதிரிபாகக் கடையில் புதியதை வாங்கினேன். இருநூற்றெழுபது ரூபாய். கடைக்காரர் பழையதைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தார்.

புதியதைப் பொருத்தும்போது இரண்டு தவறுகள் செய்தேன். அவற்றைச் சொல்லாவிட்டால் இது நேர்மையான கட்டுரை ஆகாது. முதல் முறை சுவிட்சைப் பெடலிலிருந்து தள்ளிவைத்துவிட்டேன். தண்டு முழுதும் உள்ளே அழுந்தவில்லை. ஆகவே மிதிக்காமலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இது வெறும் பாட்டரி நட்டமில்லை. எப்போதும் எரியும் பிரேக் விளக்கு எரியாத விளக்கைவிட மோசம்; எப்போதும் கூவும் ஆட்டிடையனை நம்பி யார் ஓடிவருவார்? இரண்டாம் முறை பயத்தில் அதிகமாக நெருக்கிவிட்டேன். விளக்கு ஒழுங்காக எரிந்தது, அணைந்தது. ஆனால் சுவிட்சின் உடலே பெடலை முழுதும் திரும்பிவரவிடாமல் மயிரிழை அளவு தாங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் வந்து பெடலை விரலால் தட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை என்றார். அப்படியே ஓட்டியிருந்தால் பிரேக் எப்போதும் லேசாகப் பிடித்தபடி இருந்து சூடேறியிருக்கும். ஆக, அவர் சொன்னதுபோல இது பிரேக் இல்லைதான். ஆனால் பிரேக்கின் அண்டைவீடு. நட்டை மறுபடி தளர்த்தி, தண்டு முழுதும் அழுந்தி, பெடலும் தன்னிடத்துக்குத் திரும்பும் அந்த நூலளவு இடைவெளியை அவரே வைத்துக் காட்டினார். பிறகு தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்து, நான்கு சக்கரங்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

இங்கே பழைய காலத்தின்மீது பெருமூச்சு விடுவது எளிது. அந்தக் காலத்துக் கார்களை நாமே திறந்து சரிசெய்தோம், இன்றைய கார்களோ மூடிய பெட்டிகள் என்று. இந்த ஒரு பாகத்தைப் பொறுத்தவரை உண்மை நேர்மாறானது. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பிரேக் விளக்கின் சுவிட்ச் பெடலில் இல்லை. பிரேக் எண்ணெய் ஓடும் குழாயிலேயே இருந்தது. மிதித்ததும் எண்ணெயின் அழுத்தம் ஏறி அதை இயக்கும். அதை மாற்ற வேண்டுமென்றால் எண்ணெய்க் குழாயைத் திறக்க வேண்டும், காற்று புகும், பிறகு ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதை வீட்டில் செய்யாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். பெடலருகே இருக்கும் இன்றைய சுவிட்ச் அதைவிடப் பலமடங்கு எளிது. பொருள் எளிதாகிவிட்டது, நம் அச்சம் பெரிதாகிவிட்டது. கோவையில் ஜி.டி. நாயுடு இளவயதில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்துக் கற்றதாகச் சொல்வார்கள். நாம் அதை ஒரு மேதையின் கதையாகச் சொல்லிக்கொள்கிறோம். நம்மிடம் எதிர்பார்க்கப்படாத ஒன்றாக. அப்படிச் சொல்லிக்கொள்வது நமக்கு வசதியாகவும் இருக்கிறது.

நாற்பது கிலோமீட்டர் சுற்றளவில் நம்மைச் சூழ்ந்திருப்பவற்றைப் பாருங்கள். குரோம்பேட்டையில் 1949இல் சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி., தானியங்கிப் பொறியியலைப் பாடமாக வைத்தது. பாடியில் அறுபதுகளிலிருந்து பிரேக் உறுப்புகள் செய்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் வெளிவருகின்றன. ஒரகடத்தில், மறைமலைநகரில், எத்தனை ஆலைகள். மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோது, அதில் வேலை பார்த்தவர்கள் எங்கள் பகுதியிலேயே தெருவுக்கு ஒருவர் இருந்தனர். இத்தனை கார் செய்யும் ஊரில், கார் வைத்திருக்கும் படித்த நடுத்தர வர்க்கத்துக்கு அது ஒரு கறுப்புப் பெட்டி. செய்பவன் வேறு, ஓட்டுபவன் வேறு என்ற பழைய பிரிவினையின் புதிய வடிவம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் எண்ணெய் படுவது ஒரு தகுதிக்குறைவு என்ற எண்ணம் நம்மில் இன்னும் சாகவில்லை. நான் டாஷ்போர்டின் அடியில் கிடந்தபோது, எதிர்வீட்டு நண்பர் எட்டிப் பார்த்து "என்ன சார், ஆள் கிடைக்கலையா?" என்றுதான் கேட்டார்.

நிறுவனங்களுக்கும் இந்த அச்சத்தில் பங்குண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்ப்புக் கையேடுகளையும் சோதனைக் கருவிகளையும் வெளிச்சந்தைக்கும் தனிப் பட்டறைகளுக்கும் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்குகள் மேல்முறையீடுகளில் நீண்டன. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, கைப்பேசி, வேளாண் கருவிகளோடு மோட்டார் வாகனங்களையும் அதன் பட்டியலில் சேர்த்தது. நல்லது. ஆனால் உரிமை காகிதத்தில் வந்து சேரும்போது அதைப் பயன்படுத்தும் கை மரத்துப்போயிருந்தால் என்ன செய்வது?

நிற்க. இதைப் படித்துக் காட்டியபோது நண்பர் ஒருவர் கடுமையாக மறுத்தார். அவர் வாதம் இது: ஒரு ஞாயிற்றுக்கிழமையை நீ செலவிட்டாய், இரண்டு முறை தவறு செய்தாய், பெரியவர் இல்லாவிட்டால் பிரேக் சூடேறி விபத்தே நடந்திருக்கும், நாளை இதைப் படித்து நான்கு பேர் டாஷ்போர்டில் தலையை நுழைத்தால் அதற்கு நீ பொறுப்பேற்பாயா? கூடவே, ஒரு மெக்கானிக்கின் கூலியையும் கெடுத்தாய். இதில் முதற்பகுதியை நான் ஏற்கிறேன். அருகில் தெரிந்தவர் இல்லாமல் முதல் முறை செய்யாதீர்கள். கூலி விஷயத்தில் உடன்படவில்லை. தன் வண்டியின் சுவிட்சை ஒருமுறை கழற்றியவன்தான் மெக்கானிக்கின் உழைப்புக்குப் பேரம் பேசாமல் கொடுப்பான். மல்லாந்து படுத்த அந்த ஒரு மணிநேரம் எனக்கு அதைக் கற்றுத் தந்தது. ஆனால் என் வாதத்தின் மையம் வேறு. எல்லோரும் கழற்றிப் பொருத்த வேண்டும் என்பதல்ல அது. எரிகிறதா என்று பார்க்கவேண்டும் என்பது. பார்க்கிறவன் எரியாததை நான்கு நாள் விட்டுவைக்க மாட்டான். 'பிரேக் பிடிக்குதுல்ல' என்று அவனால் சொல்ல முடியாது.

இந்த விளக்குக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் எழுபதுகளின் தொடக்கத்தில் சான்ஃபிரான்சிஸ்கோ டாக்ஸிகள் 343இன் பின்புறம் நடுவில் கூடுதலாக ஓர் எச்சரிக்கை விளக்கைப் பொருத்தினார். பொருத்தாத 160 வண்டிகளோடு ஒப்பிட்டபோது பின்மோதல்கள் அறுபது விழுக்காடு குறைந்திருந்தன. இதிலிருந்து கிளைத்த ஆய்வுகளின் பயனாக, 1986 மாதிரிக் கார்கள் முதல் மூன்றாவது பிரேக் விளக்கை அமெரிக்கா கட்டாயமாக்கியது. சுவையான பகுதி இனிமேல்தான். எல்லாக் கார்களிலும் அது வந்தபிறகு 1998இல் கணக்கெடுத்தபோது பயன் நான்கு விழுக்காட்டு அளவிலேயே நின்றது. புதுமையாக இருந்தவரை கண் அதைக் கவனித்தது. எங்கும் நிறைந்ததும் கண் பழகிவிட்டது. ஆயினும் அந்த நான்கு விழுக்காடு ஒவ்வோர் ஆண்டும் பல்லாயிரம் மோதல்கள். இழைப் பல்பைவிட எல்.இ.டி. விளக்கு ஏறத்தாழ 0.2 நொடி முந்தி ஒளிரும் என்பார்கள். மணிக்கு அறுபது கிலோமீட்டரில் அந்த நேரத்தில் ஒரு வண்டி மூன்று மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஒரு ஸ்கூட்டரின் நீளத்தைவிட அதிகம். ஈரச் சாலையில் அந்தப் பையனுக்கு நான் 0.2 நொடி அல்ல, ஒரு நொடிகூடத் தரவில்லை.

மின்விளக்குக்கு முந்தைய காலத்தில் கைதான் விளக்கு. ஊமைப்பட நடிகை ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ், மிதித்தால் காரின் பின்னால் 'நில்' என்ற பலகை எழும் ஓர் ஏற்பாட்டை 1914 வாக்கில் செய்துவைத்திருந்தார் என்று சொல்லப்படுவதுண்டு; காப்புரிமை பெறவில்லை. நம் ஊரில் கைச்சைகை வெகுகாலம் வாழ்ந்தது. வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க, மேலும் கீழுமாக அசைத்தால் வேகம் குறைகிறது. முன்கையைச் செங்குத்தாக உயர்த்தினால் நிற்கிறேன். ஓட்டுநர் உரிமத் தேர்வுக்காக இதை நானும் மனப்பாடம் செய்திருக்கிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 121ஆம் பிரிவு சைகையைக் கடமையாக்குகிறது. அதைக் கருவியின் மூலமும் காட்டலாம் என்கிறது. சட்டத்தின் கண்ணில் அந்தச் சுவிட்ச் என் கையின் பதிலி. என் கை மாதக்கணக்கில் வெளியே நீளவே இல்லை என்றால், பையன் சறுக்கி விழுந்ததில் என் பங்கு எவ்வளவு என்பதை நானே கணக்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

லாரிகளின் நினைவும் வருகிறது. என் சிறுவயதில் திருச்சி சாலையில் ஓடிய லாரிகளில் கிளீனர் ஒருவர் இடப்பக்கம் தொங்கியபடி பின்னால் வருபவருக்குக் கைகாட்டிக்கொண்டே போவார். பின்னாலிருப்பவரை நினைத்துக்கொண்டிருப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய மனிதர்.

இப்போது இரவு வீடு திரும்பியதும், கேட்டைச் சாத்துவதற்கு முன் ஒருமுறை மிதித்துவிட்டுக் கண்ணாடியில் மதில் சுவரைப் பார்க்கிறேன். இடது, வலது, மேலே ஒன்று. ஐந்து நொடி ஆகும். அந்தப் பையனை அதன்பிறகு பார்க்கவில்லை. பார்த்தாலும் தலைக்கவசத்துக்குள் அடையாளம் தெரியாது. நேற்று மாலை, ஆள் கிடைக்கலையா என்று கேட்ட எதிர்வீட்டு நண்பரின் கார் தெருமுனையில் வேகம் குறைத்துத் திரும்பியபோது பார்த்தேன், இடப்பக்க விளக்கு எரியவில்லை. இன்று அவர் வீட்டில் இருக்கிறார். இதை எழுதி முடித்ததும் போய்ச் சொல்ல வேண்டும். பத்தாம் எண் ஸ்பேனர் வேண்டியிருக்காது. அது வெறும் பல்பாகத்தான் இருக்கும்.